உப்புக் காற்றுக்கு எந்த நாட்டு எலெக்ட்ரிக் கிட்டார்?

நீங்கள் கேட்டிருப்பதன் சுருக்கம் இது: ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்தில் ஆலயப் பாடகர் குழுவில் சில ஆண்டுகளாக அக்கூஸ்டிக் கிட்டார் வாசித்து வருகிறீர்கள், இப்போது முதன்முதலாக ஓர் எலெக்ட்ரிக் கிட்டார் வாங்க நாற்பதாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறீர்கள். மதுரைக் கடையில் அந்த விலைக்குக் காட்டியவை எல்லாம் இந்தோனேசியாவிலும் சீனாவிலும் செய்தவை. நண்பர்களோ அமெரிக்கா, ஜப்பான், போனால் போகிறது என்று மெக்சிகோ, இவை தவிர வேறு எதையும் தொடாதே என்கிறார்கள். சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா, ஏறத்தாழ இதே விலையில் 1980-களின் ஜப்பான் கிட்டார் ஒன்று பழையதாகக் கிடைக்கிறது, வாங்கி வரட்டுமா என்று கேட்டிருக்கிறார். இவற்றில் எதை எடுப்பது?

முடிவை முதலில் சொல்லிவிட்டுக் காரணங்களுக்குப் போகிறேன். உங்கள் தொகைக்கு, நம் கடற்கரையில் வைத்து வாசிப்பதற்கு, இந்தோனேசியாவில் செய்யப்பட்ட, அசையாத பிரிட்ஜும் (பாடியில் கம்பிகள் மாட்டியிருக்கும் உலோகப் பகுதி) பாலியெஸ்டர் பூச்சும் கொண்ட புதிய கிட்டார் ஒன்றை வாங்கி, மிச்சப் பணத்தை ஒரு நல்ல செட்டப்புக்கும் (வாசிக்க எளிதாகக் கம்பி உயரம் முதலியவற்றைச் சரிசெய்யும் வேலை) பெட்டிக்கும் செலவிடுவதே சரி என்பது என் கருத்து. சித்தப்பா சொல்லும் ஜப்பான் கிட்டாரை நான் ஒதுக்கவில்லை. ஆனால் அதைச் சில இடங்களில் திருப்பிப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளவும் மாட்டேன். நாட்டுப்படகுக்கு இன்ஜின் பார்ப்பவர், அது எந்த நாட்டுத் தயாரிப்பு என்று கேட்பதற்கு முன்பு உதிரிபாகம் பக்கத்தில் கிடைக்குமா என்று கேட்கிறாரே, அதே வரிசையில்தான் இதையும் யோசிக்க வேண்டும்.

நாட்டின் பெயர் உண்மையில் எதைச் சொல்கிறது என்று பார்ப்போம். பாடியை அறுப்பது, கம்பியின் அதிர்வை மின்னலையாக்கும் பிக்கப்புகளுக்குக் குழி குடைவது, கழுத்துப் பகுதியான நெக்கின் வளைவைச் செதுக்குவது ஆகியவற்றை இன்று கலிபோர்னியாவிலும் சரி, இந்தோனேசியாவின் சுரபாயாவிலும் சரி, பெரும்பாலும் கணினி இயக்கும் இயந்திரங்களே செய்கின்றன. அந்தக் கட்டம் வரையில் நாட்டுக்கு நாடு பெரிய வேறுபாடு கிடையாது. வேறுபாடு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளான ஃப்ரெட்டுகளை ஒரே மட்டத்துக்கு ராவுவது, அவற்றின் முனைகளை விரலைக் கீறாதபடி உருட்டுவது, தலைப்பக்கத்தில் கம்பிகளைத் தாங்கும் நட்டில் ஆறு கம்பிகளுக்கும் சரியான ஆழத்தில் காடி வெட்டுவது, கடைசியாக ஒருவர் எடுத்து வாசித்துப் பார்த்துக் குறை இருந்தால் திருப்பி அனுப்புவது, இவையெல்லாம் கை செய்யும் வேலைகள். ஒரு கிட்டாருக்கு இந்த வேலைகளில் எவ்வளவு நேரம் செலவிடலாம் என்பதை அந்த நாட்டின் கூலியும் அந்தக் கிட்டாரின் விலையும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஒரே தொழிற்சாலையில் மலிவானதும் உயர்ந்ததும் பக்கத்துப் பக்கத்து மேசைகளில் தயாராவது உண்டு. இரண்டின் முதுகிலும் நாட்டின் பெயர் ஒன்றாகத்தான் இருக்கும்.

தொழிற்சாலைகள் நாடு விட்டு நாடு சென்றதும் கூலியையும் நாணய மதிப்பையும் பின்தொடர்ந்துதான். அமெரிக்கக் கிட்டார் நிறுவனமான ஃபெண்டர் 1946-இல் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டனில் தொடங்கியது, 1965-இல் சி.பி.எஸ். என்ற ஒலிபரப்பு நிறுவனத்தின் கைக்குப் போனது. 1970-களில் அங்கே தரம் தளர்ந்துகொண்டிருந்தபோது டோக்காய், கிரெக்கோ போன்ற ஜப்பானியப் பெயர்களில் வந்த நகல்கள் மூலத்தோடு போட்டியிடும் அளவுக்குத் தேறிவிட்டன. அவற்றை எதிர்த்து நிற்பதைவிட ஜப்பானியர்களிடமே செய்யச் சொல்வது மேல் என்று முடிவெடுத்து, 1982-இல் ஃபெண்டர் ஜப்பான் தொடங்கப்பட்டது. மட்சுமோட்டோ நகரிலிருந்த ஃபூஜிஜென் தொழிற்சாலை அவற்றைச் செய்தது. ஐபனேஸ் கிட்டார்களில் பெரும்பகுதியைச் செய்துவந்ததும் அதே தொழிற்சாலைதான். 1985-இல் பில் ஷூல்ட்ஸ் தலைமையில் ஊழியர்களும் முதலீட்டாளர்களும் ஃபெண்டரை விலைக்கு வாங்கினார்கள். ஆனால் ஃபுல்லர்டன் தொழிற்சாலை அந்த விற்பனையில் சேரவில்லை. கலிபோர்னியாவின் கரோனா நகரில் புதிய தொழிற்சாலை முழுமையாக இயங்கும் வரை, அமெரிக்காவிலேயே ஃபெண்டர் பெயரில் விற்றவற்றுள் பெரும்பகுதி ஜப்பானில் செய்தவை. உங்கள் நண்பர்கள் ஜப்பான் ஜப்பான் என்று சொல்வதற்குப் பின்னால் இருப்பது இந்தச் சில ஆண்டுகளின் புகழ்தான். அது பொய்ப் புகழ் இல்லை. ஆனால் அந்தப் புகழ் அன்று புதிதாக இருந்த கிட்டாருக்கு உரியது; இன்று உங்கள் கைக்கு வரப்போவது நாற்பது வயதுக் கிட்டார்.

அதே 1985-க்குப் பிறகு யென்னின் மதிப்பு ஏறியதால் ஜப்பானில் செய்வது கட்டுப்படியாகாமல், மலிவு வரிசைகள் கொரியாவுக்குப் போயின. கொரியாவில் கூலி உயர்ந்ததும் 1990-களிலிருந்து இந்தோனேசியாவுக்கும் சீனாவுக்கும் நகர்ந்தன. இதற்கிடையில், 1987-இல் ஃபெண்டர் மெக்சிகோவின் என்செனாடாவில் ஒரு தொழிற்சாலையைத் திறந்தது. அது கரோனாவிலிருந்து சாலை வழியே சில மணி நேரத் தூரம்தான். மெக்சிகோ கிட்டாருக்கும் அமெரிக்கக் கிட்டாருக்கும் இடையே உள்ள விலை வேறுபாட்டை நியாயப்படுத்தும் அளவுக்கு ஒலியில் வேறுபாடு இருக்கிறதா என்று நீண்ட விவாதங்கள் நடக்கின்றன. உங்கள் தொகையில் இரண்டுமே புதிதாகக் கிடைக்கப்போவதில்லை என்பதால் அந்த விவாதத்தை இங்கே விட்டுவிடலாம்.

இந்தோனேசியாவைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தப் பெயரைக் கேட்டதும் முகம் சுளிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கோர்ட் என்ற பெயரில் கிட்டார் விற்கும் கொரிய நிறுவனம் 1990-களின் நடுவில் சுரபாயாவில் தொழிற்சாலை அமைத்தது. தன் பெயரில் செய்வதோடு உலகின் பல பெரிய பெயர்களுக்கும் அங்கேதான் செய்து கொடுக்கிறது. அமெரிக்காவின் மேரிலாந்தில் மிக விலை உயர்ந்த கிட்டார்களைச் செய்யும் பி.ஆர்.எஸ்., தன் எஸ்.இ. வரிசையில் பெரும்பகுதியைக் கொரியாவிலிருந்து அங்கு மாற்றியிருக்கிறது. ஃபெண்டரின் துணைப் பெயரான ஸ்குவையரின் கிளாசிக் வைப் வரிசை முதலில் சீனாவில் செய்யப்பட்டு, 2019-இல் இந்தோனேசியாவுக்கு வந்தது. ஐபனேஸின் பிரீமியம் வரிசையும் யமஹாவின் பசிஃபிகாவில் பெரும்பகுதியும் இந்தோனேசியாவில் உருவாகின்றன. கால் நூற்றாண்டுக்கு மேலாக இதே வேலையைச் செய்துவரும் தொழிலாளர்கள் அங்கே இருக்கிறார்கள். இன்று நடுத்தர விலையில் உலகம் வாசிக்கும் கிட்டார்களில் பெரும்பங்கு அவர்கள் கையிலிருந்து வருகிறது.

சீனாவை ஒரே சொல்லில் அடக்க முடியாது. அமெரிக்கக் கிட்டார் நிறுவனமான கிப்சனின் துணைப் பெயரான எபிஃபோன், சிங்டாவ் நகரில் தனக்கென்றே ஒரு தொழிற்சாலை வைத்திருக்கிறது. அங்கிருந்து வருபவை நம்பி வாங்கத்தக்கவை. மறுபக்கம், பெயரே கேள்விப்படாத தொழிற்சாலைகளிலிருந்து வருபவற்றில் ஒன்று நன்றாகவும் அடுத்தது நெக் முறுக்கியும் இருக்கும். பெரிய பெயர்களின் போலிகளும் அந்த வழியில்தான் அதிகம் வருகின்றன. கலிபோர்னியாவில் வடிவமைக்கப்பட்டது என்று தலைப்பகுதியின் முன்புறத்தில் எழுதியிருந்தால், அது செய்த நாட்டைச் சொல்வது ஆகாது. செய்த நாடு பின்புறத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். நம் நாட்டைப் பொறுத்தவரை, கொல்கத்தாவில் கிட்டார் செய்யும் பழைய மரபு உண்டு, சென்னை அருகே யமஹாவின் தொழிற்சாலையிலிருந்து அக்கூஸ்டிக் கிட்டார்களும் வருகின்றன. ஆனால் உங்கள் தேவைக்கு ஒப்பிட்டுப் பார்க்கும்படியான எலெக்ட்ரிக் கிட்டாரை உள்நாட்டுத் தயாரிப்பில் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மரத்தில் மட்டும் நாம் எப்போதும் உள்ளே இருந்திருக்கிறோம். அமெரிக்க, ஜப்பானியக் கிட்டார்களின் ஃப்ரெட்போர்டுகளில் (ஃப்ரெட்டுகள் பதித்த பலகை) பல தென்னிந்தியக் காடுகளின் ஈட்டி மரம். 2017 ஜனவரியில் அந்த மர இனம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டின் கீழ் வந்தபோது, விற்பனைக்காக எல்லை தாண்டும் அந்த மரக் கிட்டார்களுக்குக் காகித வேலை கூடியதால், பல நிறுவனங்கள் வேறு மரங்களுக்கு மாறின. முடிந்த இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில் விலக்கு கிடைத்த பிறகும் அந்த மாற்றம் முழுவதும் திரும்பவில்லை. ஸ்குவையரிலும் எபிஃபோனிலும் இந்தியன் லாரல் என்று போட்டிருக்கிறதே என்று தயங்க வேண்டாம். அது நம் கருமருது மரம். ஃப்ரெட்போர்டுக்கு நன்றாகவே உழைக்கும்.

இனி நம் ஊருக்கு உரிய விஷயத்துக்கு வருகிறேன். வெளிநாட்டவர் தரும் எந்த அறிவுரையிலும் இது இருக்காது.

சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானாகக் கரையத் தொடங்கும். அதாவது, ராமேஸ்வரம் தீவில் ஒரு கிட்டாரின் மேல் படியும் கண்ணுக்குத் தெரியாத உப்புத்தூள், ஆண்டின் பெரும்பாலான இரவுகளில் உலோகத்தின் மேல் மெல்லிய உப்புநீர்ப் படலமாக மாறி உட்கார்ந்திருக்கிறது. வாடைக் காற்று மாதங்களில் பாக் நீரிணைப் பக்கமும், கச்சான் வீசும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கமும் இது இன்னும் கூடும். பாம்பனில் 2025-இல் திறந்த புதிய ரயில் பாலத்துக்கு துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் தனிப்பட்ட பாலிசிலாக்சேன் பூச்சும் தேவைப்பட்டன என்றால், அந்தக் காற்றிலேயே தொங்கும் ஒரு கிட்டார் பிரிட்ஜின் கதி என்ன என்பதை யோசித்துப் பாருங்கள்.

கிட்டாரில் முதலில் போவது கம்பிகள். மெல்லிய மூன்று கம்பிகளும் மேல்சுற்று இல்லாத எஃகு என்பதால், சில நாட்களிலேயே விரலுக்குச் சொரசொரப்பு தெரியும். அதே சொரசொரப்பு வளைத்து வாசிக்கும்போது ஃப்ரெட்டையும் தேய்க்கும். இதற்கு மருந்து எளிது: பாலிமர் பூச்சுள்ள கம்பிகளைப் போடுங்கள், வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் கம்பியின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடையுங்கள். ஃப்ரெட்டுகள் செம்பு, துத்தநாகம், நிக்கல் கலந்த உலோகம் என்பதால் துருப்பிடிக்காது. பச்சை பிடிக்கும், தேய்த்தால் போய்விடும்.

உண்மையான தொல்லை பிரிட்ஜில் இருக்கிறது. ஒவ்வொரு கம்பியின் உயரத்தையும் மாற்ற, கம்பியைத் தாங்கும் சேடில் ஒவ்வொன்றிலும் இரண்டு பொடித் திருகுகள் இருக்கும். கை வியர்வை நேராக அவற்றின் குழிக்குள் இறங்குகிறது. கவனிக்காமல் ஓராண்டு விட்டால் அவை சேடிலோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு சாவியைத் திருப்பினால் குழியின் விளிம்பு மழுங்கும், திருகு அசையாது. இந்த இடத்தில் நாடு ஒரு நடைமுறை வேறுபாட்டைத் தருகிறது. அமெரிக்க ஃபெண்டர்களில் இந்தத் திருகுகளுக்கு 0.050 அங்குல அறுகோணச் சாவி வேண்டும். ஆசியக் கிட்டார்களில் பெரும்பாலும் 1.5 மில்லிமீட்டர். பின்னது ராமநாதபுரத்து ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். முன்னதற்கு ஆன்லைனில் ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும். அதற்குள் கிட்டத்தட்டப் பொருந்தும் வேறு சாவியை யாராவது போட்டுத் திருகிக் கெடுத்துவிடுவார்கள்.

மலிவுக் கிட்டார்களின் பிரிட்ஜ் துத்தநாகக் கலவையில் வார்த்து மெல்லிய குரோம் பூசியதாக இருக்கும். பூச்சில் ஒரு பொடித்துளை இருந்தால் போதும், உப்புநீர் அடியில் புகுந்து குரோம் கொப்புளித்து உரிந்துவிடும். ஆகவே கடையில் ஒலியைக் கேட்பதற்கு முன்பு பிரிட்ஜைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பாருங்கள். காட்சிக்கு மாட்டிய இடத்திலேயே திருகுகளில் பழுப்புப் புள்ளி வைத்திருந்தால் அதை வாங்காதீர்கள். அசையும் பிரிட்ஜ், அதிலும் கம்பிகளைப் பூட்டி வைக்கும் ஃப்ளாய்ட் ரோஸ் வகை, நம் ஊருக்கு வேண்டவே வேண்டாம். ஸ்பிரிங்கும் கூர்முனையும் பூட்டுத் திருகும் என்று துருவுக்கு அத்தனை இடம் அதில் இருக்கிறது. நிலையான பிரிட்ஜுள்ள ஃபெண்டரின் டெலிகாஸ்டர் வடிவமோ, யமஹா பசிஃபிகா வரிசையில் 120எச் போன்ற மாடலோ போதும்.

பூச்சிலும் நம் காற்று ஒரு பக்கம் சாய்கிறது. கிப்சனின் அமெரிக்கக் கிட்டார்களிலும் சில உயர்விலைக் கிட்டார்களிலும் பூசும் நைட்ரோசெல்லுலோஸ் அழகாக மூப்படையும் என்பார்கள். ஆனால் அது மெல்லியது, வியர்வையிலும் வெக்கையிலும் பிசுபிசுக்கும், ரப்பர் வைத்த ஸ்டாண்டில் சாய்த்தால் தடம் விழும். விலை குறைந்த ஆசியக் கிட்டார்கள் என்று ஏளனம் செய்யப்படுபவற்றில் இருக்கும் தடித்த பாலியெஸ்டர் பூச்சு, ஈரத்தை மரத்துக்குள் விடாமல் தடுக்கிறது. குறை என்று அவர்கள் சொல்வது நமக்கு வசதி.

ஈரப்பதம் பற்றி இணையத்தில் படிப்பதை அப்படியே பின்பற்றாதீர்கள். குளிர்நாடுகளில் வீட்டுக்குள் ஹீட்டர் போடுவதால் காற்று வறண்டு, மரம் சுருங்கி, ஃப்ரெட் முனைகள் வெளியே நீட்டிக்கொள்ளும். அதனால்தான் பெட்டிக்குள் ஈரமூட்டும் கருவி வைக்கச் சொல்கிறார்கள். நமக்கு நடப்பது நேர் எதிர். மரம் ஈரம் குடித்து, நெக்கின் வளைவு மாறி, கம்பிகளின் உயரமும் மாறிவிடும். பெட்டிக்குள் வைக்க வேண்டியது சிலிக்கா ஜெல் பொட்டலம். நிறம் மாறியதும் உலர்த்தி மறுபடி வையுங்கள். பஞ்சு வைத்த துணிப்பை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால், எடுத்துப் போவதற்கு மட்டும் அதைப் பயன்படுத்தி, வீட்டில் கெட்டிப் பெட்டியில் வைப்பது நல்லது. புதிய கிட்டார் வந்த நாளிலேயே செட்டப் செய்யாமல், இரண்டு மூன்று வாரம் நம் காற்றில் இருக்க விட்டு, நெக் தன் நிலைக்கு வந்த பிறகு செய்யச் சொல்லுங்கள். நெக்கின் உள்ளே இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் உலோகத் தண்டான டிரஸ் ராடை நீங்களே திருப்புவதென்றால் ஒருமுறைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம்.

இப்போது சித்தப்பாவின் ஜப்பான் கிட்டார். சிங்கப்பூர் ஈரமான ஊர்தான் என்றாலும் அங்கே கிட்டார்கள் பெரும்பாலும் ஏசி அறையில் வாழ்கின்றன; வெளியே பளபளப்பாக இருப்பது போதுமான சான்று ஆகாது. முதல் ஐந்து ஃப்ரெட்டுகளில், மெல்லிய கம்பிகளுக்கு நேர் கீழே, பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பள்ளம் ஆழமாக இருந்தால் ஃப்ரெட் மாற்ற வேண்டியிருக்கும். அந்த வேலையைச் சுத்தமாகச் செய்பவர் நம் மாவட்டத்தில் கிடைப்பது அரிது, சென்னைக்கோ பெங்களூருக்கோ அனுப்ப நேரும், செலவும் கிட்டாரின் விலையில் கணிசமான பங்காகிவிடும். அடுத்து, டிரஸ் ராட் இன்னும் இரு திசையிலும் திரும்புகிறதா என்று விற்பவர் முன்னிலையில் பார்க்க வேண்டும். இறுதிவரை முறுக்கிய ராடு, நெக் முன்னோக்கி வளைந்தால் அதை இழுத்துப் பிடிக்க உதவாது. சேடில் திருகுகள் ஆறு கம்பிகளிலும் அசைகின்றனவா என்பதையும், வால்யூம் குமிழைத் திருப்பும்போது கரகரப்பு எவ்வளவு என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். கரகரப்பு மட்டும் என்றால் கான்டாக்ட் கிளீனர் தெளித்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும், அதற்காக வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. சீரியல் எண்ணும் நாட்டின் பெயரும் நெக்கில்தான் இருக்கும். பாடி வேறு கிட்டாருடையதாக இருக்கலாம் என்பதால், நெக்கைக் கழற்றி உள்ளே இருக்கும் முத்திரையைக் காட்டச் சம்மதிக்கும் விற்பனையாளராக இருந்தால் இன்னும் நல்லது.

கூடவே ஜப்பானிய ஆம்ப் (கிட்டாருக்கான ஒலிபெருக்கி) ஒன்றையும் சேர்த்துத் தருகிறேன் என்று விற்பவர் ஆசை காட்டக்கூடும். ஜப்பானின் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். அங்குள்ள சந்தைக்காகச் செய்த ஆம்பை நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் அன்றோடு முடிந்தது. தக்க டிரான்ஸ்ஃபார்மர் வாங்கும் செலவையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தால் இங்கேயே ஒரு சிறிய பயிற்சி ஆம்ப் வாங்குவது மலிவு. ஆம்புக்கு உங்கள் நாற்பதாயிரத்திலேயே ஒரு பங்கு ஒதுக்கியாக வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். அதனால்தான் முழுத் தொகையையும் கிட்டாருக்கே கொடுக்கும் எந்த யோசனையையும் நான் ஏற்கவில்லை.

சித்தப்பாவிடம் ஃப்ரெட், டிரஸ் ராட், சேடில் திருகு, நெக்கின் முத்திரை ஆகிய நான்கையும் படமும் காணொளியுமாகக் கேளுங்கள். நான்கும் சரியாக இருந்து, விலையில் ஆம்புக்கும் செட்டப்புக்கும் இடம் மிஞ்சினால் ஜப்பான் கிட்டாரை எடுத்துவரச் சொல்லுங்கள், பில்லையும் கையோடு வைத்திருக்கச் சொல்லுங்கள். விற்பவர் ஏதாவது ஒன்றைக் காட்டத் தயங்கினால் மதுரைக்குப் போய், அங்கே இருக்கும் இந்தோனேசியக் கிட்டார்களில் ஒரே மாடலில் இரண்டு மூன்றைக் கீழிறக்கச் சொல்லி, ஒவ்வொன்றின் ஃப்ரெட் முனையிலும் உள்ளங்கையை மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்து, கையில் எதுவும் தட்டாததை எடுத்து வாருங்கள்.